சம்பளம் இல்லாத கைகளால் ஒரு கிளைடர் கிளப்: தொடங்கி நடத்த முழுமையான வழிகாட்டி

இன்ஜின் இல்லாத விமானத்தில் ஐந்து நிமிடம் பறக்க எத்தனை பேர் வேண்டும்? இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறிய கிளப்பில் சேர்ந்த முதல் சனிக்கிழமை, விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பின் இருக்கையில் இன்ஸ்ட்ரக்டர். ஒரு கிலோமீட்டர் தள்ளி, கேபிளைச் சுருட்டி கிளைடரை இழுத்து ஏற்றும் வின்ச் இயந்திரத்தை ஓட்டுபவர். கேபிளை இழுத்து வர ஒரு பழைய ஜீப், அதற்கு ஓர் ஆள். கேபிளை மாட்ட ஒருவர், இறக்கை முனையைப் பிடிக்க ஒருவர், சிக்னல் கொடுக்க ஒருவர், நேரம் குறிக்க ஒருவர். நான் ஒருத்தன் பறக்க ஏழு பேர் வேலை செய்தார்கள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. எல்லோரும் தங்கள் வார விடுமுறையைக் கொண்டுவந்து அந்தப் புல்வெளியில் கொட்டியிருந்தார்கள்.

பிறகு ஆறு வருடம் அதே கிளப்புக்குச் செயலாளராக இருந்தேன். அதில் கற்றது எல்லாம் அந்த முதல் நாள் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. கிளைடர் கிளப் நடத்துவது என்றால் விமானம் வாங்குவது, ஓடுபாதை போடுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதெல்லாம் சுலபமான பாதி. அந்த ஏழு பேர் அடுத்த சனிக்கிழமையும் வருவார்களா என்பதுதான் கடினமான பாதி. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அதைப் பற்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதுவது பிரிட்டிஷ் நடைமுறை. 1929இல் உருவான பிரிட்டிஷ் கிளைடிங் சங்கத்தின் கீழ் எண்பது போல கிளப்புகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை உறுப்பினர்களே நடத்துபவை. இந்தியாவில் நிலைமை வேறு. புனே ஹடப்சரில் இருக்கும் கிளைடிங் மையம் அரசு அமைத்தது. ஆகவே சட்ட விஷயங்களை உங்கள் நாட்டு விமானத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மனிதர்களைப் பற்றியது எங்கேயும் ஒன்றுதான்.

முதல் படி: எப்படி மேலே போகப் போகிறீர்கள்?

நிலம் தேடும் முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். இரண்டு வழி. ஒன்று, இன்ஜின் உள்ள சிறு விமானம் கயிறு கட்டி இழுத்துப்போய் வானத்தில் விடுவது. இன்னொன்று, களத்தின் மறுமுனையில் இருக்கும் வின்ச் கேபிளைச் சுருட்டி, நாம் பட்டம் விடுவது போல கிளைடரை மேலே ஏற்றுவது.

தன்னார்வக் கிளப்புக்கு என் தீர்ப்பு வின்ச்தான். இழுவை விமானத்துக்கு எரிபொருள், பராமரிப்பு, தகுதி பெற்ற விமானி எல்லாம் வேண்டும். ஒரு லாஞ்ச், அதாவது ஒரு தடவை மேலே ஏற்றுவது, ஆகும் செலவு வின்சைப் போலச் சில மடங்கு. வின்ச் என்பது ஒரு பெரிய லாரி இன்ஜினும் இரண்டு உருளைகளும். அதை ஓட்ட ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பழக்கிவிடலாம், எங்கள் கிளப்பில் பழக்கினோம். உருளை இரண்டாக இருப்பது முக்கியம். ஜீப் ஒரு தடவை போய்வந்தால் இரண்டு கேபிள் வந்துவிடும்.

வின்சுக்கு நீளமான களம் வேண்டும். கேபிள் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, காற்று நன்றாக எதிரே வீசினால் அதற்குச் சற்று மேலே உயரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் கேபிளுக்கு ஆயிரத்து இருநூறு அடி வாக்கில் வரும். கிளைடரைத் தூக்கிவிடும், மேலெழும் வெப்பக் காற்று கிடைக்காத நாளில் அது ஐந்தாறு நிமிடப் பறத்தல். களத்தின் அகலத்தையும் பாருங்கள். கழற்றிவிட்ட கேபிள் பக்கக் காற்றில் நகர்ந்து விழும். அது பக்கத்துச் சாலையில் விழக்கூடாது. இங்கிலாந்தில் இன்னொரு சிக்கல், பொதுமக்கள் நடக்க உரிமை உள்ள ஒற்றையடிப் பாதை பல களங்களின் குறுக்கே போகிறது. நாயோடு நடந்து வருபவருக்கு அந்தக் கேபிள் என்னவென்றே தெரியாது. பாதையின் இரு முனையிலும் பலகை வையுங்கள், பறக்கும் நேரமெல்லாம் அந்தப் பக்கம் ஒரு கண் இருக்கட்டும்.

கேபிளில் எஃகு, செயற்கை இழை என இரண்டு வகை உண்டு. செயற்கை இழை விலை கூடுதல், ஆனால் எடை குறைவு, கையாள எளிது. அறுந்தால் எஃகு போல முறுக்கிக்கொண்டு துள்ளுவதும் இல்லை. காசு சேர்ந்தவுடன் அதற்கு மாறிவிடுங்கள்.

இரண்டாம் படி: காகிதம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனில் பல கிளப்புகள் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பெனியாகப் பதிவு செய்துகொள்கின்றன. கம்பெனி கடனில் மூழ்கினால் ஒவ்வோர் உறுப்பினரும் கொடுக்க வேண்டியது வழக்கமாக ஒரு பவுண்டுதான்; வீடு வாசல் போகாது. அப்புறம் சங்கத்தோடு இணைப்பு, காப்பீடு, நிலத்துக்காரரோடு நீண்ட குத்தகை. குத்தகை ஐந்து வருடத்துக்கும் குறைவு என்றால் விமானம் நிறுத்தும் கொட்டகையான ஹேங்கர் கட்டாதீர்கள். பறத்தல் சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும் கடைசி வார்த்தை தலைமை இன்ஸ்ட்ரக்டருடையது, பணம் சம்பந்தப்பட்டதில் கமிட்டியுடையது. இந்த எல்லைக்கோட்டை எழுதி வையுங்கள். "காற்று அதிகம், இன்று பறக்க வேண்டாம்" என்று தலைமை இன்ஸ்ட்ரக்டர் சொன்னால் அதை மறுக்க எந்தத் தலைவருக்கும் அதிகாரம் இருக்கக்கூடாது.

மூன்றாம் படி: எந்த விமானம்

இரட்டை இருக்கை கிளைடர் இரண்டு, ஒற்றை இருக்கை ஒன்று. தொடங்க இது போதும். இரட்டை இருக்கை ஒன்று மட்டும் வைத்துத் தொடங்காதீர்கள். அது ஒரு நாள் பழுதானால் அன்றைக்கு வந்த பதினைந்து பேரும் வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு வாரம் பழுதானால் அவர்களில் சிலர் திரும்பி வரவே மாட்டார்கள்.

பழையவற்றில் ஷ்லைக்கர் ஏஎஸ்கே 13 அருமையான ஆசிரியை. 1966இல் முதலில் பறந்தது. எஃகுக் குழாய், மரம், துணி. மெதுவாகப் பறக்கும், புதியவர் செய்யும் தவறை மன்னிக்கும். அடுத்த தலைமுறை ஏஎஸ்கே 21, ஃபைபர்கிளாஸ், 17 மீட்டர் இறக்கை. ஒரு மீட்டர் கீழே இறங்குவதற்குள் முப்பத்துச் சொச்சம் மீட்டர் முன்னே போய்விடும். எது வாங்கினாலும் இரண்டும் ஒரே ரகமாக இருக்கட்டும். உதிரிபாகமும் பழக்கமும் ஒன்றாகவே இருக்கும்.

மரமும் துணியும் வாங்கினால், அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் கிளப்பில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அவர் பக்கத்தில் இளைஞர் ஒருவரை உட்கார வையுங்கள். ஜெர்மன் கிளப்புகளில் குளிர்காலம் முழுக்கப் பட்டறை வேலை நடக்கும். வருடத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு, செய்யாதவர் அதற்குப் பணம் கட்ட வேண்டும். பல பிரிட்டிஷ் கிளப்புகள் இதைக் கடுமை என்று நினைக்கும். நான் ஜெர்மன்காரர்கள் பக்கம். பிப்ரவரிக் குளிரில் ஒரு இறக்கையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவன், ஜூன் மாதம் அதே இறக்கையை வேலியில் உரசவிட மாட்டான்.

நான்காம் படி: டியூட்டிப் பட்டியல்

கிளப்பின் இதயம் இது. ஹேங்கர் எரிந்து போனால்கூட வேறு கிளப்பிடம் விமானம் இரவல் வாங்கலாம். பட்டியல் சிதறினால் கிளப்பே இல்லை.

பறக்கும் ஒவ்வொரு நாளுக்கும் குறைந்தபட்சம் நான்கு பெயர் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்: டியூட்டி இன்ஸ்ட்ரக்டர், இரண்டாவது இன்ஸ்ட்ரக்டர், வின்ச் ஓட்டுபவர், லாஞ்ச் முனையைப் பார்த்துக்கொள்பவர். மற்ற வேலைகளை அன்று வந்தவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். நான் பட்டியல் போட்ட காலத்தில் கடைப்பிடித்தவை:

நான்கு மாதப் பட்டியலை ஒரே தடவையில் வெளியிடுவேன். மனைவி, கணவன், பிள்ளைகள், மாமியார் வீட்டுக் கல்யாணம் எல்லாம் அதைப் பார்த்துத்தான் முடிவாகும். மாதத்துக்கு ஒரு டியூட்டிக்கு மேல் யாருக்கும் கொடுக்க மாட்டேன், அவர்களே கேட்டால் தவிர. வர முடியாதவர் தானே இன்னொருவரோடு மாற்றிக்கொண்டு எனக்குச் சொல்ல வேண்டும். "எனக்கு முடியாது" என்று மட்டும் சொல்லி என் தலையில் போடக்கூடாது. இந்த ஒரு விதி என் வெள்ளிக்கிழமை இரவுகளைக் காப்பாற்றியது.

நல்லவர் மேல் சுமை ஏற்றாதீர்கள், இது மிக முக்கியம். எல்லாக் கிளப்பிலும் எதைக் கேட்டாலும் "சரி" என்று சொல்லும் ஒருவர் இருப்பார். எங்களிடம் ஒருவர் மூன்று கோடைக்காலம் வாரம் தவறாமல் வின்ச் ஓட்டினார். நாங்கள் நன்றி சொன்னோம், கிறிஸ்மஸ் விருந்தில் கைதட்டினோம். நான்காவது கோடையில் அவர் வரவில்லை. சண்டை எதுவும் இல்லை, கோபமும் இல்லை. அந்த மூன்று வருடத்தில் தான் எத்தனை தடவை பறந்தோம் என்று பதிவேட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். பட்டியல் போட்டது நான். கவனித்திருக்க வேண்டியதும் நான். அதன் பிறகு, ஒவ்வொரு தன்னார்வலரும் மாதத்தில் எத்தனை லாஞ்ச் பறந்தார் என்றும் எழுதி வைக்க ஆரம்பித்தேன். டியூட்டி எண்ணிக்கை பறத்தலைவிட அதிகமாக இருப்பவர் அடுத்த வாரம் பட்டியலில் முதல் ஆளாகப் பறப்பார். வின்ச் ஓட்டுபவரை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுவதையும் அப்போதுதான் கட்டாயமாக்கினோம். களைப்பு என்ற காரணமும் இருக்கிறது. ஆனால் தனியாக ஒரு கிலோமீட்டர் தள்ளி, யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பது ஒரு மனிதனை மெல்ல மெல்லக் கிளப்பிலிருந்து பிரித்துவிடும் என்பதே எனக்குப் பெரிய காரணம்.

ஐந்தாம் படி: ஒரு நாள் எப்படி ஓட வேண்டும்

காலை எட்டரைக்கு ஹேங்கர் திறக்க வேண்டும். கிளைடர்களை வெளியே எடுப்பது ஒரு கலை. ஒன்றின் இறக்கைக்கு அடியில் இன்னொன்றின் வால் நுழைந்து நிற்கும். ஒருவர் மட்டும் கட்டளை கொடுக்கட்டும், ஒவ்வோர் இறக்கை முனையிலும் ஓர் ஆள் நிற்கட்டும். என் அனுபவத்தில் வானத்தைவிட ஹேங்கர் வாசலில்தான் அதிக விமானங்கள் அடிபடுகின்றன.

அப்புறம் தினசரிச் சோதனை. ஒவ்வொரு கிளைடரையும் தகுதி பெற்ற ஒருவர் மூக்கிலிருந்து வால் வரை பார்த்துப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார். இதன் நடுவில் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. பேசிவிட்டால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். புது உறுப்பினரைப் பக்கத்தில் நிற்க வைத்து, சோதனை முடிந்த பிறகு எல்லாவற்றையும் காட்டிக்கொடுங்கள்.

ஒன்பதரைக்கு அனைவரையும் வட்டமாக நிறுத்தி ஐந்து நிமிடப் பேச்சு: காற்று எந்தப் பக்கம், எந்தப் பக்கமிருந்து லாஞ்ச், கேபிள் அறுந்தால் எங்கே இறங்க இடம் இருக்கிறது, இன்று யார் எந்த வேலை. பறப்பவர் வரிசையும் அங்கேயே பலகையில் எழுதப்படும். காலையில் வந்து ஹேங்கர் திறக்கக் கை கொடுத்தவர்தான் வரிசையில் முதலில். பதினோரு மணிக்கு வந்து பறந்துவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்புபவரைப் பற்றி எல்லாக் கிளப்பிலும் முணுமுணுப்பு உண்டு. முணுமுணுப்பை வளரவிடாமல் பலகையிலேயே தீர்த்துவிடுவது நல்லது.

நல்ல நாளில் எங்கள் சின்னக் கிளப் நாற்பது, ஐம்பது லாஞ்ச் போடும். மோசமாக நடத்தப்பட்ட நாளில் அதே ஆட்கள், அதே காற்று, ஆனால் பதினெட்டுதான். வித்தியாசம் முழுக்க இடைவெளிகளில். கிளைடர் தரை தொட்டு நின்ற பிறகு அதைத் தள்ளிவர யாரும் எழுந்து போகாத மூன்று நிமிடம்; அடுத்தவர் பாராசூட் மாட்டாமல் நிற்கும் நான்கு நிமிடம். "அடுத்து யார்? அதற்கடுத்து யார்?" என்று லாஞ்ச் முனை ஆள் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆறாம் படி: அந்த நாற்பது விநாடி

வின்ச் லாஞ்ச் என்பது நாற்பது விநாடிக்குச் சற்றுக் கூடக் குறைய. கிளப் நடத்துபவர் தூங்காமல் யோசிக்க வேண்டியது இந்த நாற்பதைப் பற்றித்தான்.

முதலில் விமானி சோதனைப் பட்டியலை வாய்விட்டுச் சொல்வார்: கட்டுப்பாடுகள், எடை, பெல்ட், கருவிகள், ஃபிளாப், டிரிம், கண்ணாடி மூடி, பிரேக், கடைசியாக "ஏதாவது நடந்தால் என்ன செய்வேன்". எடை என்பதைச் சடங்காக விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு காக்பிட்டிலும் குறைந்தபட்ச எடை, அதிகபட்ச எடை எழுதியிருக்கும். நான் ஐம்பத்தெட்டு கிலோ. தனியாகப் பறக்க எனக்கு ஈயக்கட்டி போட வேண்டும். போடாவிட்டால் விமானத்தின் சமநிலை பின்னுக்குப் போய்விடும். மெலிந்த பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதிகம் வரும் கிளப் என்றால் ஈயக்கட்டிகளைப் பூட்டிய அலமாரியில் வைக்காதீர்கள், லாஞ்ச் முனையிலேயே இருக்கட்டும்.

கேபிளுக்கும் கிளைடருக்கும் நடுவில் வீக் லிங்க் என்ற சிறு உலோகத் துண்டு இருக்கும். இழுவிசை அளவு மீறினால் இறக்கை ஒடியும் முன் அது ஒடியும். நிறத்தை வைத்து அடையாளம்: கறுப்பு 1000 டெக்காநியூட்டன் (ஒன்று ஏறக்குறைய ஒரு கிலோ எடையின் இழுப்பு), பழுப்பு 850, சிவப்பு 750, நீலம் 600, வெள்ளை 500. எந்த விமானத்துக்கு எந்த நிறம் என்பதை அதன் கையேடு சொல்லும். மாட்டுபவர் நிறத்தை உரக்கச் சொல்லட்டும், விமானி திருப்பிச் சொல்லட்டும்.

அடுத்து சிக்னல். கையை இடுப்புக்குக் கீழே ஊஞ்சல் போல வீசினால் தளர்ந்த கேபிளை இழு என்று பொருள். தலைக்கு மேலே வீசினால் முழு வேகம். கையைத் தலைக்கு மேல் அசைக்காமல் நிமிர்த்திப் பிடித்தால் நிறுத்து. விளக்காக இருந்தால் மெதுவாக விட்டுவிட்டு ஒளிர்வது, வேகமாக மினுக்குவது, அணையாமல் எரிவது என அதே மூன்று.

"நிறுத்து" என்ற அந்த மூன்றாவதுதான் கிளப்பின் தரத்தைக் காட்டும். களத்தில் நிற்கும் யாரும், அன்று காலை சேர்ந்தவர்கூட, எதையாவது பார்த்துச் சந்தேகப்பட்டால் "ஸ்டாப்" என்று கத்தலாம், கத்த வேண்டும். எங்கள் கிளப்பில் மூன்றாவது வாரம் வந்திருந்த ஒரு பள்ளி மாணவன் கத்தினான். முப்பது வருட அனுபவமுள்ள விமானி உள்ளே. இறக்கையின் மேல் ஏர்பிரேக், இறங்கும்போது மட்டும் திறக்க வேண்டிய தகடு, ஒரு விரற்கடை எழும்பி நின்றிருந்தது, பூட்டவில்லை. நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை. அந்த விமானி இறங்கி வந்து பையனின் கையைக் குலுக்கினார். அடுத்த வாரம் வேறொருவர் கத்தினார். அதில் ஒன்றும் இல்லை, கண்ணாடி மூடி மேல் ஒரு இலை. அவருக்கும் நன்றி சொன்னோம். இந்த இரண்டாவது நன்றியைச் சொல்லாத கிளப்பில் அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பிரிட்டிஷ் கிளைடிங் சங்கம் 2005 அக்டோபரில், வின்ச் விபத்துகளை வகைவகையாகப் பிரித்துப் பார்த்து ஒரு பாதுகாப்பு முயற்சியைத் தொடங்கியது. அதன் பிறகு உயிரிழப்பும் பலத்த காயமும் தெளிவாகக் குறைந்தன. புதுக் கருவி எதுவும் வாங்கியதால் அல்ல. மிகக் குறைவான சில விதிகளை எல்லோரும் ஒரே மாதிரி கடைப்பிடித்ததால். லாஞ்ச் தொடங்கும்போது கை கேபிள் விடுவிப்புக் குமிழ் மேலேயே இருக்க வேண்டும். இறக்கை சாய்ந்து நிமிர்த்த முடியவில்லை என்றால் முனை தரையைத் தொடும் முன்பே கேபிளை விட்டுவிட வேண்டும், "அடுத்த நொடி சரியாகிவிடும்" என்று காத்திருக்கக்கூடாது. தரையை விட்டதும் செங்குத்தாக எழும்பாமல், வேகம் கூடக் கூட மெல்ல மூக்கை உயர்த்த வேண்டும். கேபிள் அறுந்தால் மூக்கைத் தாழ்த்து, போதிய வேகம் வரும்வரை திரும்பாதே, பிரேக்கையும் திறக்காதே, நேரே இறங்க இடமிருந்தால் நேரே இறங்கு.

கேபிள் அறுவதை வருடம் முழுக்கப் பயிற்சியாகச் செய்ய வேண்டும். இன்ஸ்ட்ரக்டர் சொல்லாமல் கொள்ளாமல் நடுவில் கேபிளை விடுவிப்பார். பழைய உறுப்பினர்களுக்கும் வசந்தத்தின் முதல் பறத்தலில் இது கட்டாயம். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

ஏழாம் படி: பணம்

சந்தா, லாஞ்ச் கட்டணம், வானத்தில் இருக்கும் நிமிடத்துக்கு ஒரு கட்டணம். இந்த மூன்றும் அன்றாடச் செலவுக்குச் சரியாக இருக்கும். இதற்குமேல் வருவது பொதுமக்களுக்கான அறிமுகப் பறத்தல். பிறந்தநாள் பரிசாகச் சீட்டு வாங்கி வருவார்கள். அந்தப் பணம் கிளப்பைத் தாங்கும். ஆனால் விருந்தினர் வரிசை நீண்டால் மாணவர் வரிசை நகராது. நாங்கள் அறிமுகப் பறத்தலை மாதத்தில் இரண்டு நாளில் சேர்த்து வைத்தோம். மற்ற நாட்கள் உறுப்பினர்களுக்கு. முன்பதிவின்போதே எடையைக் கேட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரம் காரில் வந்தவரைத் தராசில் ஏற்றித் திருப்பி அனுப்புவது போலக் கொடுமை இல்லை.

உறுப்பினர் கணக்கில் முன்பணம் இருக்கட்டும், கடன் வேண்டாம். அன்றைய லாஞ்ச் கணக்கை அன்று இரவே ஏற்றுங்கள். ஒவ்வொரு லாஞ்சிலிருந்தும் ஒரு சிறு தொகையை அடுத்த விமானத்துக்கென்று தனியாக ஒதுக்கி, அதைத் தொட எந்தக் கமிட்டிக்கும் எளிதில் முடியாதபடி விதி போடுங்கள்.

எட்டாம் படி: புதியவரை விட்டுவிடாதீர்கள்

புதிதாகச் சேர்பவர்களில் பலர் முதல் வருடத்திலேயே போய்விடுகிறார்கள். ஏன் என்று நான் போனவர்களை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். பயம் என்றோ பணம் என்றோ சொன்னவர்கள் குறைவு. "நாள் முழுக்க நின்றேன், யாரும் பேசவில்லை" என்று சொன்னவர்களே அதிகம். எனக்கும் அந்த அனுபவம் உண்டு. முதல் மாதம், காற்றில் விறைத்துப்போய், ஃபிளாஸ்க் காபியோடு நின்றிருந்தேன். ஒரு வயதான பெண்மணி வந்து பதிவேட்டுப் பலகையை என் கையில் கொடுத்து, "இதை நீ எழுது, உனக்கு எல்லோர் பெயரும் தெரிந்துவிடும்" என்றார். மாலைக்குள் முப்பது பேரை எனக்குத் தெரிந்தது, அவர்களுக்கு என்னையும்.

ஆகவே வந்த அரை மணி நேரத்துக்குள் ஒவ்வொரு புதியவர் கையிலும் ஒரு வேலை இருக்க வேண்டும். உடன் ஒரு பழையவர், பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர், முதல் மூன்று மாதத்துக்கு. அடுத்த இலக்கு என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முதல் தனிப் பறத்தல். பிரிட்டனில் 14 வயதிலேயே செய்யலாம். பிறகு வெள்ளி பேட்ஜ்: ஐந்து மணி நேரம் வானில் நிற்பது, ஆயிரம் மீட்டர் உயரம் கூட்டுவது, 50 கிலோமீட்டர் தூரம் போவது. தனியாகப் பறந்தவுடன் "சாதித்தாயிற்று" என்று விலகிப்போவோர் உண்டு. அதே வாரத்தில் ஒற்றை இருக்கை கிளைடரில் உட்கார வைத்து அடுத்த கதவைத் திறந்துவிடுங்கள்.

இன்ஸ்ட்ரக்டர்கள் தானாக முளைப்பதில்லை. பொறுமையாகப் பேசுகிற, தன் தவறை ஒப்புக்கொள்கிற இளையவரைக் கண்டால் மூன்று வருடம் முன்பே தோளில் கை போட்டுச் சொல்லி வையுங்கள். பயிற்சிச் செலவைக் கிளப் ஏற்கட்டும்.

ஷ்ராப்ஷயரில் லாங் மிண்ட் மலைமேல் உள்ள கிளப்பில், மேற்குக் காற்று நன்றாக வீசும் நாளில் இன்றும் பங்கி என்ற ரப்பர் கயிறு கட்டி, கவண் போல, கிளைடரை ஏவுகிறார்கள். வி வடிவக் கயிற்றின் இரு கரத்தையும் பிடித்துக்கொண்டு ஆட்கள் சரிவை நோக்கி ஓடுவார்கள். 1920களில் ஜெர்மனியின் வாசர்குப்பே மலையில் இப்படித்தான் ஏவினார்கள். புது உறுப்பினர்களை ஒரு தடவை அங்கே கூட்டிப்போய் அந்தக் கயிற்றைப் பிடித்து ஓட வையுங்கள். தன் கால் ஓடியதால் ஒருவர் தலைக்கு மேலே எழும்புவதைப் பார்த்தவருக்கு, டியூட்டிப் பட்டியல் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

மாலை

ஹேங்கரைப் பூட்டும் முன் ஒரே ஒரு வேலை. பதிவேட்டை எடுத்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டுங்கள். புறப்பட்ட நேரம் எழுதிய ஒவ்வொரு வரியிலும் இறங்கிய நேரமும் இருக்கிறதா? ஒரு வரி காலியாக இருந்தால் அது எழுத மறந்ததாக இருக்கலாம், பத்துக் கிலோமீட்டர் தள்ளி யாரோ விவசாயியின் வயலில் இறங்கி, ஃபோனில் சார்ஜ் இல்லாமல் நிற்பவராகவும் இருக்கலாம். கிளைடரை ஏற்றிவரும் டிரெய்லரை ஜீப்பில் மாட்டுங்கள், வின்ச் ஓட்டியவரைத் தூங்க அனுப்பிவிட்டு வேறு இருவரைக் கூப்பிடுங்கள். அந்த வரி நிரம்பும்வரை யாரும் கேட்டைப் பூட்டக்கூடாது.